பின்கதவில் பூனைக்கு ஒரு வழி

சிங்காநல்லூரில் தனியாக இருந்த வசந்தாமணி மில்லில் நின்று நின்று கால் வீங்கித்தான் வீடு திரும்புவாள். அதற்குமேல் பூனைக்காகப் பின்கதவைத் திறந்துவிட எழுந்து எழுந்து அலுத்துப்போயிற்று. தச்சுவேலை செய்யும் தாரிக், கதவடியில் துளை போட்டு, ஆடும் பலகையொன்றை மாட்டினார்.

"இனி எந்திரிக்கவே வேண்டாமுங்க அக்கா."

அன்று சாயங்காலம் காது கிழிந்த அந்தப் பூனை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே பலகை ஆடியது. அதே கிழிந்த காதோடு அதே பூனை இன்னொன்றாக உள்ளே வந்தது. பயப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. இரண்டுக்கும் பால் ஊற்றினாள்.

மறுநாள் வேலைமுடிந்து வந்து படுத்தவளைப் பின்கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"ஏனுங்க, கதவத் தெறங்க. காலு கடுக்குதுங்க."

அது அவளுடைய குரலேதான். திறந்தாள். அவளே நின்றிருந்தாள்.

"நாளைக்கு மில்லுக்கு நீங்க போறீங்களா?" என்று வசந்தாமணி கேட்டாள்.

"அதக் கேக்கத்தானுங்க நானும் வந்தேன்."