துணைக்கு வந்த கழுகு

“நில்லு, நில்லு! உன் காலைப் பாரு!”

வேன்காரர் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிளம்பி வந்த மனைவியின் இடது காலில் கறுப்புச் செருப்பு, வலது காலில் வெள்ளைச் செருப்பு.

“அய்யய்யோ, கவனிக்கவே இல்லியே” என்று அவள் உள்ளே ஓடினாள்.

இந்த வாரத்தில் இது மூன்றாவது கூத்து. திங்கட்கிழமை டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. புதன்கிழமை அவர் சட்டைக்குப் பொத்தானை உள்பக்கமாக வைத்துத் தைத்திருந்தாள். சீருடை தைக்கும் கூடத்தில் பதினெட்டு வருஷமாக மெஷின் மிதிக்கிறவள் செய்கிற காரியமா இது?

இன்றைக்கு அவளுக்குக் கண் பரிசோதனை. கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் இனிமேல் மெஷினில் உட்கார விடுவார்களாம். இல்லாவிட்டால் துணி மடிக்கிற மேசைக்குத் தள்ளிவிடுவார்களாம். அவருக்கு மனசு தாங்கவில்லை. வாய் கொஞ்சம் நீளமே தவிர, மனைவி மேல் மனிதருக்குக் கொள்ளைப் பிரியம்.

“எதுக்குக் கவலைப்படறே? உன் நாற்காலிக்குப் பின்னாடி நான் நிக்கிறேன். நான் காதுல சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லு. என் கண்ணைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே!”

தெரியாமல் என்ன? அவர் ஓட்டும் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரே ‘கழுகு மாமா’. கண்ணைக் காட்டிவிட்டு வரலாம் என்று யார் கூப்பிட்டாலும், “எந்தக் கழுகு கண்ணாடி போட்டுக்கிட்டுப் பறக்குது?” என்பார். போன மாதம் பள்ளிக்கூட கேட்டின் தூணில் வேன் உரசியபோதுகூட, தூணை யாரோ தள்ளி நட்டிருக்கிறார்கள் என்று காவலாளியிடம் சண்டைக்குப் போனார்.

“சரிங்க, நீங்க சொல்றபடியே செய்யறேன்” என்றாள் அவள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. மனிதர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

கண் ஆஸ்பத்திரியில் அவளே வரிசையில் நின்று சீட்டு வாங்கி வந்தாள். அவர் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

“இப்படிக் கொடு. உன் கண்ணுக்கு இதையும் எங்கேயாவது தொலைச்சிடுவே.” சீட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். “இவ்ளோ பொடியா அடிச்சா நோயாளிங்க எப்படிப் படிப்பாங்க? அறிவு வேணாம்?” என்று மடித்துச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

மாடிக் கூடத்தின் கோடியில், சுவரில் சிவப்பு எண்கள் மாறிக்கொண்டிருந்தன.

“இப்போ எந்த நம்பர் போகுது?” என்றார், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

“பதினேழு. நமக்கு முன்னாடி இன்னும் மூணு பேர் போகணும்.”

அவர் தலையாட்டிவிட்டு, கண்ணுக்கு எந்தக் கீரை நல்லது என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தார்.

உள்ளே டாக்டர் சின்ன வயசுப் பெண். வேன்காரர் சீட்டு இருந்த பாக்கெட்டைத் தட்டிக் காட்டிவிட்டு, மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து, பின்னால் காவல் மாதிரி நின்றுகொண்டார். டாக்டர் அவளுடைய ஒரு கண்ணை மறைத்துவிட்டு, எதிரே எண் அட்டைக்கு விளக்குப் போட்டார்.

“முதல் வரி படிங்கம்மா.”

பின்னாலிருந்து ஒரு இருமல், கூடவே ஒரு குசுகுசுப்பு.

“எட்டு” என்றாள் அவள்.

“ரெண்டாவது?”

“நாலு, ஏழு.”

மூன்றாவது வரிக்குக் குசுகுசுப்பு வரக் கொஞ்சம் நேரமானது. கழுகு கழுத்தை நீட்டியது, கண்ணை இடுக்கியது.

“மூணு, ஆறு, அஞ்சு” என்று அவள் காதில் விழுந்ததை ஒன்றும் பிசகாமல் ஒப்பித்தாள். நான்காவது வரிக்கு, “எட்டு, எட்டு, எட்டு... இன்னொரு எட்டு” என்றாள்.

டாக்டர் விளக்கை அணைத்தார்.

“மேல ரெண்டு வரிதான் சரி. அதுக்குக் கீழ ஒண்ணுகூடச் சரியில்ல. இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு எப்படித்தான் தினமும் வேலைக்குப் போறீங்க?”

வேன்காரருக்கு உயிரே போய்விட்டது. பதினெட்டு வருஷ வேலை!

“டாக்டரம்மா, அவ மேல தப்பே இல்ல. அவ வேலையைக் கெடுத்துடாதீங்க. அவ தானா ஒண்ணுமே சொல்லல. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. நான்தான் நல்லாப் பார்த்துப் பார்த்து...”

பாதியில் நிறுத்திவிட்டார். சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

டாக்டர் மறுபடி விளக்கைப் போட்டார். அவள் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்து முடித்தாள்.

“ஐயா, நீங்க கடைசியா எப்போ கண்ணைக் காட்டினீங்க?” என்றார் டாக்டர்.

“லைசென்ஸ் எடுத்தப்போ.”

“அது எப்போ?”

“கல்யாணத்துக்கு முன்னாடி” என்றார்.

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். “வேன்ல பதினாலு பிள்ளைங்க வருதுங்க. அன்னிக்கு அங்கே நின்னது தூணு. தினம் நீங்க வண்டியை எடுத்தா, திரும்பி வர்ற வரைக்கும் நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன்.”



“இப்பவே பார்த்துடலாம்” என்றார் டாக்டர். “கீழே போய் உங்க பேர்ல ஒரு சீட்டு மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க.”

கழுகுக்குத் தப்பிக்க ஒரு சந்து கிடைத்துவிட்டது. “கீழே ஏகப்பட்ட கூட்டம், டாக்டரம்மா. இன்னொரு நாள் சாவகாசமா வர்றேனே” என்று வாசல் பக்கம் நகர்ந்தார்.

மனைவி எட்டி, அவர் பாக்கெட்டில் இருந்த சீட்டை உருவி டாக்டரின் மேசையில் வைத்தாள்.

“இதுவே உங்க பேர்ல போட்ட சீட்டுதாங்க.”