நாலு சொட்டு அமோனியா

குளித்துவிட்டு வந்த கோமளாவுக்குச் சமையலறை வாசலிலேயே அமோனியா நெடி குப்பென்று மூக்கில் ஏறியது.

ஐயோ, அப்பா!

மேசைமேல் பழைய காற்றாடி மோட்டார், கண்ணாடிக் குவளைக்குள் கரண்டியைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் அவள் அப்பா சன்னாசி, கையில் போத்தலோடு, ஏதோ உயிரைக் காப்பாற்றிவிட்டவர்போல நின்றார்.

"பால் திரிய ஆரம்பிச்சிருச்சும்மா. நல்ல வேளை, நான் பார்த்தேன். நாலு சொட்டு ஊத்திட்டேன்லா."

கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால் சேகரிக்கும் ஸ்டோரில் அவர் காலமெல்லாம் செய்த வேலை அது. ரப்பர் பால் உறைந்தால் கட்டிப்பால். கட்டிப்பாலை யார் மதிப்பார்கள்? உறையாமல் காக்க அமோனியா. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

ஆனால் இது ரப்பர் பால் இல்லையே! முருங்கைப் பிசினைக் கரைத்து, எண்ணெயில் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுழற்றியது. துளிகள் கடுகைவிடச் சின்ன மணிகளாக இறுக வேண்டும். இறுக வைக்கும் ரசாயனத்தையும் சேர்த்துவிட்டுத்தான் குளிக்கப் போனாள். அதை அமோனியா தின்றுவிடும். திரிய வேண்டியதைத்தான் மனிதர் தடுத்துவிட்டார்.

அந்த மணிக்குள் மருந்தை வைத்தால் வயிற்றைப் புண்ணாக்காது. குடலுக்குப் போய்த்தான் கரையும். மூட்டுவலி மாத்திரை வயிற்றை எரிக்கிறது என்று அப்பா அதைத் தொடுவதே இல்லை. அவருக்காகத்தான் பல்கலைக்கழகத்தில் இந்த ஆராய்ச்சியையே அடம்பிடித்து வாங்கினாள். திங்கட்கிழமை பேராசிரியரிடம் மணிகளைக் காட்டாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

கத்திவிட வாயைத் திறந்தாள்.

அவரைப் பார்த்தாள். வீங்கின முழங்காலோடு இவ்வளவு நேரம் உட்காராமல் காவல் காத்திருக்கிறார். இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

போகட்டும். ஒரு மாதமாகச் சுரண்டிச் சேர்த்த பிசினில் பாதியைக் கரைத்து அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறாள். மறுபடி சுற்றிக்கொள்ளலாம்.

"காப்பாத்திட்டீங்கப்பா," என்றாள்.

சன்னாசிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"பின்னே? அலமாரியில வச்சிருந்தியே, அதுக்கும் ஊத்திட்டேன்லா. என் பிள்ளை பால் எதுக்குத் திரியணும்?"