எண்பது வெள்ளிக் கைக்கடிகாரம்

"மலிவுனா இப்படித்தான்லா," என்றான் கிளிஃபர்ட்.

நடந்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும், இடது கையிலிருந்த எண்பது வெள்ளிக் கடிகாரம் காலடிகளை எண்ணிக்கொண்டே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வலது கையில் கட்டியிருந்த எண்ணூறு வெள்ளிக் கடிகாரம் எண்ணவில்லை.

"இன்னிக்கே திருப்பிக் கொடுக்கணும். ரசீது எங்க?"

இடது கையிலிருந்த காப்பி சிந்தியது.

"மறுபடியும் சிந்திட்டீங்களா?" என்றாள் மனைவி எவ்லின். பாயான் பாரு தொழிற்சாலையில் பொருள்களைச் சோதிப்பவள். "இருங்க. எங்க லைன்ல சந்தேகம் வந்தா ரெண்டையும் இடம் மாத்திப் பார்ப்போம்."

கடிகாரங்களைக் கை மாற்றிக் கட்டினாள். மலிவானது எண்ணுவதை நிறுத்தியது. விலை உயர்ந்தது எண்ணத் தொடங்கியது.

"அப்ப ரெண்டுமே குப்பையா?"

எவ்லின் அவனது இடது கையை மேசையோடு அழுத்திப் பிடித்தாள். எண்ணிக்கை நின்றது. விட்டாள். விரல்கள் நடுங்கின, எண்ணிக்கை ஏறியது.

"ரசீது வேணாம்," என்றாள். "கிளினிக் கார்டு எங்க?"