ஏலத்தில் எடுத்த எஞ்சின்

"ஹெலிகாப்டர் எஞ்சின்டி மார்லீன்! ஏலத்துல தட்டிட்டு வந்தேன். அரிசோனா ஏரிகள்ல இனி எந்தப் படகும் நம்மளத் தொட முடியாது!"

"தொடுறது இருக்கட்டும், மெதுவா ஓட்டு கர்ட்டிஸ்" என்றாள் மனைவி.

அவன் கேட்கவில்லை. படகு அலையில் எகிறி விழுந்ததில் அவள் மண்டை கம்பியில் மோதியது. ரத்தம் நிற்கவில்லை.

இரண்டே நிமிடத்தில் கரை சேர்த்துவிட்டான். ஆஸ்பத்திரியோ சாலை வழியே மூன்று மணி நேரம்.

"மீட்பு ஹெலிகாப்டரை அனுப்புங்க!" போனில் கத்தினான்.

"ஹெலிகாப்டர் ஏது சார்? போன மாசம்தான் பிரிச்சு வித்தாங்க. எஞ்சினை யாரோ படகுல மாட்டணும்னு ஏலத்துல எடுத்துட்டுப் போயிட்டாராம்."

கர்ட்டிஸ் மெல்லத் திரும்பிப் பார்த்தான். அணைக்க மறந்த படகு எஞ்சின் பின்னால் இரைந்துகொண்டிருந்தது.

மடியில் கிடந்த மார்லீன் கண் திறக்காமலே சிரித்தாள். "சத்தம் கேக்குது கர்ட்டிஸ்... ஹெலிகாப்டர் வந்துடுச்சு."