பின்சீட்டுக் கம்பி

குடும்பநல நீதிமன்ற வாசலில் நின்று அவன் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

விவாகரத்துத் தீர்ப்பின் சூடு இன்னும் ஆறவில்லை.

காலையில் இருவரும் ஒரே பைக்கில்தான் கிளம்பினார்கள். பிரியப் போகிறவர்களுக்கு இதில் என்ன சிக்கனமோ என்று எங்கள் தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

வழியெல்லாம் அவள் வழக்கம்போலப் பின்சீட்டுக் கம்பியைத்தான் பிடித்திருந்தாள்.

உண்மையில் அவனுடைய வழக்கே அதுதான். வக்கீல் எழுதிய காரணங்கள் ஊருக்கு.

பெண்டாட்டி என்றால் தோளைப் பிடிப்பாள். எதிர்வீட்டுக்காரி பிடிக்கிறாள். மாடிவீட்டுக்காரியோ புருஷன் முதுகில் சாய்ந்து தூங்கியே போகிறாள்.

இவள் மட்டும் ஷேர் ஆட்டோவில் யாரோ ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்ததுபோல ஒரு சாண் தள்ளி.

மனசில் ஒட்டாதவள் தோளில் எப்படிக் கை வைப்பாள்?

அவனும் பிடிக்கவைத்துப் பார்த்தான். வேகத்தடையைக் கண்டால் முறுக்கினான். சும்மாவே சடக்கென்று பிரேக் அடித்தான். எங்கள் தெருமுனையில், இல்லாத நாய்க்காக நின்ற ஒரே வண்டி அவனுடையதுதான்.

அவள் கம்பியை இன்னும் இறுக்கினாள்.

அவன் முகத்தை இன்னும் தூக்கிவைத்துக்கொண்டான்.

குடித்தனம் முழுக்க இப்படியே ஓடியது.

இப்போது அவளை அழைத்துப்போக அவளுடைய அப்பா வந்திருந்தார், பழைய மொபெட்டில்.

அப்பா என்றால் அவளுக்கு உயிர். அந்த விஷயத்தில் அவனுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

அவள் ஏறி உட்கார்ந்தாள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மேல சாயாத. கம்பியப் புடி."

"புடிச்சிட்டேம்ப்பா."

ஒண்ணாம் வகுப்புக்குப் போகிற பிள்ளையின் குரல்.

அந்த உயிரான முதுகிலிருந்தும் அதே ஒரு சாண்.

அவன் சட்டைப்பையில் விட்ட கை அப்படியே நின்றது.

மொபெட் கிளம்பியது. கேட்டை ஒட்டி ஒரு வேகத்தடை. மனிதர் வேகத்தைக் குறைக்கிறவராகத் தெரியவில்லை.

கம்பியைப் பற்றியிருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. இங்கிருந்தே தெரிந்தது.

"மெதுவாப் போங்க!"

கத்திவிட்டான். கூடவே நாக்கு நுனிவரை வந்துவிட்ட 'மாமா'வை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.