எழுபத்து நான்கு சதவீதம்

“நூத்துக்கு நூறு அவருக்குத்தான் மேடம்! அந்தப் பொண்ணு சொன்னதெல்லாம் சுத்தப் பொய்!”

ஒலிப்பதிவில் அந்த மனிதரின் குரல், கல்யாண வாசலில் நின்று விருந்தாளியை வரவேற்பது மாதிரி அத்தனை உற்சாகமாக இருந்தது. மாதங்கி ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வீசினாள். காலையிலிருந்து நாற்பது பதிவுகள் கேட்டாயிற்று. முக்கால்வாசிப் பேர் இதையேதான் சொன்னார்கள், ஆனால் இப்படிச் சந்தோஷமாக யாரும் சொல்லவில்லை.

டெல்லியில் லோதி ரோடுக்குப் பக்கத்தில், இரண்டாவது மாடியில் இருந்த அந்தக் கருத்துக்கணிப்பு அலுவலகத்தில் மணி மூன்றரை. ஐந்து மணிக்குள் அறிக்கை போயாக வேண்டும். கேட்டிருப்பது ஒரு பெரிய கட்சியின் டெல்லித் தலைமை.

கணிப்பு நடந்தது, முப்பது வருடமாக அந்தக் கட்சியே ஆளும் ஒரு மாநிலத்தில். அங்கே ஒரு தொகுதியின் எம்.எல்.ஏ., உதவித்தொகைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கப் போன கல்லூரிப் பெண்ணிடம் அசிங்கமாக நடந்துகொண்டார் என்று புகார். பெண்ணின் பெயர் வெளியே வரவில்லை. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அவள் அழுததை மட்டும் நாடே டி.வி.யில் பார்த்தது.

கட்சிக்கு நல்லது கெட்டதெல்லாம் சதவீதத்தில்தான் புரியும். ஆதரவு ஐந்து சதவீதம் குறைந்தால் ஆளை மாற்றுவோம் என்று சொல்லியிருந்தார்கள். குறையாவிட்டால் அவரே வேட்பாளர், ஜெயித்ததும் மந்திரி. அப்புறம் புகாராவது, வழக்காவது.

மாதங்கி அந்த ஐந்து சதவீதத்தைத்தான் மலை போல நம்பியிருந்தாள். வந்த கணக்கோ வேறு. புகாருக்கு முன்னால் எழுபத்தொன்று. இப்போது எழுபத்து நான்கு.

“ஏறியிருக்கு சார்! ஒரு பொண்ணு அழுததுக்கு மூணு பர்சென்ட் போனஸ் குடுத்திருக்காங்க. இந்த ஜனங்களுக்கு வெட்கம், ஷரம்னு ஒண்ணு கிடையாதா?”

டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் அவள். கோபம் வந்தால் தமிழுக்கு நடுவில் இந்தி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வேதாந்தம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மத்திய அரசின் புள்ளிவிவர இலாகா ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்றபின் இந்த அலுவலகத்தைத் தொடங்கியவர்.

“நம்பர்கிட்ட கோவிச்சுக்கப்படாதும்மா. ஜனங்க சொன்னதை நாம சொல்றோம், அவ்வளவுதான். பேக்-செக் முடிஞ்சுதா?”

ஏற்கெனவே பதில் சொன்னவர்களில் இருபதுக்கு ஒருவரை மறுபடி கூப்பிட்டு, அதையேதான் இப்போதும் சொல்கிறாரா என்று சரிபார்ப்பதற்கு அந்தப் பெயர்.

“ஒண்ணு பாக்கி சார். ரெண்டு நாள் டயம் கேளுங்களேன். எனக்கு என்னமோ சரியாப் படலை.”

“அதெப்படி? நாளைக்குக் காலம்பற வேட்பாளர் லிஸ்ட் வர்றது. யாருக்காவது போன் போட்டு ஜல்தி முடி.”

யாருக்காவது என்ன யாருக்காவது! மாதங்கிக்கு ஒரே ஒருவரைத்தான் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உற்சாகக் குரல்காரரின் எண்ணை அழுத்தினாள்.

அலுவலக வழக்கப்படி, பேசுவது அதே ஆள்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். வாக்காளர் பட்டியலைப் பார்த்து இந்தியில் ஆரம்பித்தாள்.

“தேவ்கிநந்தன்ஜி? டெல்லியிலிருந்து பேசறேன். பூத் முப்பத்தேழு, பட்டியல்ல நானூத்திப் பன்னெண்டாவது பேர், வீட்டுல நாலு ஓட்டு. சரிதானே?”

மறுமுனையில் யாரையோ ‘உஷ்’ என்று அடக்குவது கேட்டது. பிறகு அதே உற்சாகம்.

“சரிதான் மேடம், ரொம்பச் சரி! மூணு பேர் இங்கயே இருக்கோம். பொண்ணு மட்டும் அவ அத்தை வீட்டுக்குப் போயிருக்கா. இப்போதைக்கு வரமாட்டா.”

“வர்ற எலெக்‌ஷன்ல உங்க ஓட்டு...”

“அவருக்குத்தான் மேடம்! வேற யாருக்குப் போடப் போறோம்?”

மாதங்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்பவரை எந்தப் பக்கமும் இழுக்கக் கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தந்த விதி. அவள் கேள்வித்தாளை ஒதுக்கித் தள்ளினாள்.

“உங்க வீட்டுலயும் ஒரு பொண்ணு இருக்காளே ஜி. அந்தப் பொண்ணு அத்தனை பேர் முன்னால அழுதாளே, உங்களுக்குக் கொஞ்சம்கூட மனசு பதறலையா?”

வேதாந்தம் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

போனில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. மறுபடி பேசியபோது அந்தக் குரலில் உற்சாகம் துளிகூட இல்லை.

“நீங்க யாரோட ஆளுன்னு தெரியும் மேடம். என் பேரு, பூத்து, வீட்டுல எத்தனை ஓட்டு... இதெல்லாம் அவங்களைத் தவிர வேற யாருக்குத் தெரியும்? போன தடவை கேட்டப்பவும் சரியாத்தானே சொன்னேன்?”

“ஐயோ, நாங்க கட்சி இல்ல ஜி. இது வெறும் சர்வே...”

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

“சொன்னதெல்லாம் பொய்னு என் பொண்ணே எழுதிக் குடுத்துட்டா மேடம். இனிமேலாவது அவளை விட்டுடச் சொல்லுங்க.”