திருஷ்டி

ஜவுளிக்கடை மொட்டைமாடியில் ஏசி யூனிட் மறுபடியும் அலறிவிட்டு நின்றது. திரையில் அதே எழுத்து: புகை. மெக்கானிக் இன்னாசிக்கு மண்டை காய்ந்தது. வயரை மாற்றியாயிற்று, சென்சாரையும் மாற்றியாயிற்று. ரீசெட் செய்தால் ஓடுகிறது. அவன் படியிறங்குவதற்குள் நின்றுவிடுகிறது. “எங்கடா இருக்கு புகை, சனியனே!” என்று அதை ஓர் உதை விட்டு, மறுபடி ரீசெட் செய்துவிட்டுக் கீழே வந்தான்.

காற்றை மேலே இழுக்கும் கிரில்லுக்கு நேர் கீழே, முதலாளி தெய்வநாயகம் வியர்த்து வழிந்தபடி தூபக்காலை வீசிக்கொண்டிருந்தார். கடை முழுக்கச் சாம்பிராணி மணம்.

“எல்லாம் திருஷ்டிப்பா. மெஷின் நிக்க நிக்க நானும் விடாம போட்டுக்கிட்டேதான் இருக்கேன்.”

இன்னாசி வாயைத் திறந்தான். மாடியில் அலாரம் அடித்தது.

“பாத்தியா?” என்று முதலாளி இன்னொரு பிடி அள்ளிப் போட்டார்.